உயரத்திலிருந்து பார்க்கும் ராடர்

புத்தளம் மாவட்டக் கரையோரமான பள்ளிவாசல்துறையில் 10 மீற்றர் உயரக் கம்பத்தில் ராடர் ஒன்றைப் பொருத்தினால், கடற்பரப்பில் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் வரையே அதன் பார்வை செல்லும். பூமியின் வளைவே இதற்குக் காரணம். ஆற்றல்மிக்க ராடரை 3,000 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுசென்றால் அவ்வெல்லை 225 கிலோமீற்றரை எட்டும். யுத்தகளக் கண்காணிப்புக்கு ஹெலிகொப்டர்கள் பயன்படுத்தப்படுவது இதனாலேயே.

இதில் பிரான்ஸ் முன்னோடிகளில் ஒன்றாகும். பூமா ஹெலிகொப்டரில் அமைந்த 'ஓர்க்கிடே' திட்டம் 1990இல் கைவிடப்பட்ட போதிலும், அதன் மாதிரி 1991 வளைகுடா யுத்தத்தில் பறந்தது. அதன் வழிவந்ததே கூகர் ஹெலிகொப்டரில் பொருத்தப்பட்ட 'ஹொரிசோன்'.

அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுபடுகிறது. அதனைக் கொண்டு வாகனத்தின் வேகத்தையும் திசையையும் கணிக்கலாம். ஆனால், அதிலிருப்பவர் படைவீரரா, அகதியா என்பதை ராடர் கூறாது. 1999 ஏப்ரலில் கொசோவோவின் ஜாகோவா அருகே, விமானிகள் கண்ணால் பார்த்தும் அகதிகளின் வாகனத் தொடரை இராணுவத்தினது எனக் கருதித் தாக்கினர். பலர் மாண்டனர். கண்ணே பிழைக்குமாயின், திரையிற் தெரியும் புள்ளியை மட்டும் நம்புவது எங்ஙனம்?

இலங்கைக்கு 2022 ஆகஸ்டில் இந்தியா வழங்கிய டோனியர் விமானமும் கடற்கண்காணிப்புக்கானதே. நமது மீனவரின் கண்ணாடியிழைப் படகுகள் ராடரில் மங்கலாகவே தெரியும். உலோக எதிரொளிப்பான் ஒன்றை உயரக் கட்டினால் அப்புள்ளி தெளிவடையும். கடலில் தத்தளிப்போரைத் தேடவும் அது உதவும். எனினும், அப்புள்ளி யாரென வேறு வழியிலும் உறுதிசெய்த பின்னரே செயற்படுவது பொறுப்பானவர்களின் கடமையாகும்.