தன்மை இடத்தில் ஒரு விளையாட்டு

வீட்டில் அண்ணனோ தம்பியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணிப்பொறியின் முன் அமர்ந்து, “பின்னால் வருகிறான், பின்னால் வருகிறான்!” என்று கூவுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். எட்டிப் பார்த்தால் ஒரு துப்பாக்கியின் முனையும், விரைந்தோடும் சுவர்களும் தவிர வேறொன்றும் விளங்குவதில்லை. ‘இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு’ என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ‘இது கெட்ட விளையாட்டு’ என்று பெரியவர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஒதுங்குவதும் சாத்துவதும் பிறகு ஆகட்டும். அது யாதென்று முதலில் அறிந்துகொள்வோம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என்று பெயர். சுருக்கமாக எஃப்.பி.எஸ். என்பர். ‘ஷூட்டர்’ என்ற சொல்லைக் கேட்டு மிரள்வோர் அதற்கு முன்னுள்ள இரு சொற்களைக் கவனிப்பதில்லை. உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. இலக்கண வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களைப் படிக்கிறோம் அல்லவா? ‘ஃபர்ஸ்ட் பெர்சன்’ என்பது தன்மை. மாரியோ போன்ற விளையாட்டில் நாம் ஆட்டுவிக்கும் பொம்மை நம் கண்ணெதிரே ஓடுகிறது, தாவுகிறது, விழுகிறது. அது ‘அவன்’. 2020-ஆம் ஆண்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பப்ஜி கைப்பேசி விளையாட்டிலும் பெரும்பாலோர் வீரனின் முதுகைப் பார்த்தபடியேதான் ஆடினர். அதுவும் படர்க்கையே. தன்மை இட விளையாட்டிலோ திரையே நம் கண். நம் முகம் நமக்குத் தெரியாது. கைகள் மட்டும் கீழே தெரியும். கதவு திறந்தால் ‘அவன் திறந்தான்’ என்பதன்று, ‘நான் திறந்தேன்’ என்பதே.

இச்சிறு மாற்றத்தால் விளைவது பெரிது. முதுகைப் பார்த்து ஆடுபவர் சுவருக்கு இப்பால் பதுங்கியபடியே மூலைக்கு அப்பால் இருப்பவரைப் பார்த்துவிடலாம். தன்மை இடத்தில் அது நடவாது. தலையை நீட்டினால்தான் தெரியும்; நீட்டினால் எதிரிக்கும் நம் தலை தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். இவ்விளையாட்டின் அச்சமும் திறமையும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இது தோன்றிய கதையும் சுவையானது. 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள நாசா ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், படித்துக்கொண்டே வேலை பழகும் திட்டத்தின் கீழ் ஸ்டீவ் கோலி, ஹோவர்ட் பால்மர், கிரெக் தாம்ஸன் என்ற பள்ளி மாணவர்கள் இருந்தனர். புதிர்வழி ஒன்றின் உள்ளே நாமே நின்று பார்ப்பதுபோல், இம்லாக் என்னும் கணிப்பொறியின் திரையில் கோடுகளால் சுவர்களை வரையச் செய்தனர். வழி கண்டுபிடித்து வெளியேறுவதே ஆட்டம். விரைவில் அது சலித்துவிட்டது. பிறகுதான் இரண்டு கணிப்பொறிகளைக் கம்பியால் இணைத்து, இருவர் ஒரே புதிர்வழிக்குள் ஒருவரையொருவர் தேடும்படி செய்தனர், சுடுதலும் சேர்ந்தது. ‘மேஸ் வார்’ என்று அதற்குப் பெயர். ஆக, முதலில் வந்தது பார்வை. துப்பாக்கி பின்னரே வந்தது. பின்னாளில் செராக்ஸ் நிறுவனக் கணிப்பொறிகளுக்காக எழுதப்பட்ட பதிப்பில் எதிராளி ஒரு பெரிய கண்விழியாகவே திரையில் தோன்றுவார். எத்துணைப் பொருத்தம்!

வீடுகளுக்கு இது பரவலாக வந்து சேர்ந்தது 1992-இல் வெளிவந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ வழியாக. அந்நாளைய வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வேகம் மிகக் குறைவு. ஜான் கார்மேக் என்ற இளைஞர் கையாண்ட வழியைக் கேளுங்கள். திரையைச் செங்குத்தான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கீற்றுக்கு ஒன்றாகக் கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டு, எவ்வளவு தொலைவில் சுவரில் முட்டுகிறது என்று கணிப்பொறி கணக்கிடும். தொலைவு இரு மடங்கானால் அந்தக் கீற்றில் சுவரின் உயரம் பாதியாகும். அவ்வளவுதான்! வடிவொத்த முக்கோணங்கள் என்று நாம் பரீட்சைக்காக உருப்போடும் பாடம் இதுவே. நாம் ஓரடி வைக்குமுன் அத்தனை கீற்றுகளுக்கும் இக்கணக்கு நடந்து முடிந்துவிடுகிறது.

அதே குழுவினர் 1993 டிசம்பரில் ‘டூம்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டு, அதன் முதற்பகுதியை இலவசமாகவே பரப்பினர். 1996-இல் ‘குவேக்’ வந்தது. இணையத்தின் வழியே முகமறியாதவரோடு ஆடுதல் அதனால் பரவியது. 2000-இல் வெளியான ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ கட்சி கட்டி ஆடுவது. போட்டிகளில் கட்சிக்கு ஐவர். அடிபட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை வெளியே உட்கார வேண்டும். நம் சடுகுடு போலத்தான், ஆனால் மீண்டும் உள்ளே வர வழியில்லை.

புதிதாக ஆடுவோரைத் திணறச் செய்வது துப்பாக்கியன்று. கால் ஒரு கையிலும் கழுத்து மறு கையிலும் இருப்பதே தொல்லை. இடக்கை விரல்கள் கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகளின்மேல் இருந்து நடக்கச் செய்யும். வலக்கை மவுஸை நகர்த்திப் பார்வையைத் திருப்பும். இம்முறையைப் பரப்பியவர்களுள் ‘த்ரெஷ்’ என்று பெயர்பெற்ற டென்னிஸ் ஃபாங் ஒருவர். 1997-ஆம் ஆண்டின் குவேக் போட்டியில் வென்று ஜான் கார்மேக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றவர். நமக்குக் கார் வேண்டாம். சுவரில் மூக்கு இடிக்காமல் நடந்தால் போதும். முதல் நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டாதவர் இல்லை. ஆகவே எதிரி இல்லாத பயிற்சியிடத்தில், ஒரு தூணைப் பார்த்தபடியே அதைச் சுற்றி வந்து பழகுக. நடுவிலுள்ள குறிப்புள்ளி தரையை நோக்காமல், எதிரில் ஒருவர் வந்தால் அவர் தலை இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். எப்போதும் ஓடாதீர்கள், ஓடுபவரின் காலடி ஓசை பிறருக்குக் கேட்கும். நாமும் காதைத் தீட்டிக்கொண்டால், பின்னால் வருபவரைக் கண் அறியுமுன் காது அறிந்துவிடும்.

சிலருக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றிக் குமட்டும். கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, உட்செவியோ ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இவ்விரண்டின் சண்டையே அது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். உடனே நிறுத்துக. மறுமுறை அறையில் விளக்கேற்றி, திரையைவிட்டுச் சற்று விலகி அமர்ந்து, பார்வைக் கோணத்தை அகலமாக்கி ஆடிப் பார்க்கலாம்.

‘ஆண்பிள்ளைகளின் விளையாட்டு’ என்ற பேச்சுக்கு வருவோம். 2007-இல் வெளியான டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், பார்வையின் ஓரத்தில் தோன்றுவதைக் கவனிக்கும் சோதனையில் மாணவியர் மாணவரைவிடப் பின்தங்கியே தொடங்கினர். இவ்வகை விளையாட்டில் மொத்தம் பத்து மணி நேரம் பயின்ற பின் அவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வேறொரு புதிர் விளையாட்டை ஆடியவர்களிடம் இம்முன்னேற்றம் காணப்படவில்லை. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே என்பதால் இதைப் பெரிதாக முழங்க வேண்டாம். எனினும் பிறவிக் குறை என்று நினைத்தது பழக்கக் குறையாக இருக்கலாம் என்பது சிறிய செய்தியன்று. 1997-இல் ஸ்டீவி கேஸ் என்ற இளம்பெண், குவேக்கைப் படைத்தோருள் ஒருவரான ஜான் ரொமேரோவை அவருடைய ஆட்டத்திலேயே தோற்கடித்தார்.

பெற்றோரின் அச்சத்தையும் நாம் தள்ளிவிட முடியாது. 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் உடன் பயின்றோரைச் சுட்டுக் கொன்ற இரு மாணவர்கள் டூம் ஆடியவர்கள். ஆட்டமே அவர்களைக் கொலைகாரராக்கியது என்று அன்று பலர் கருதினர். அமெரிக்க உளவியல் சங்கம் 2015-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வன்முறை விளையாட்டுகளுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்றது. ஆனால் கொடுங்குற்றங்களுக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. முதற்பாதியை மட்டும் பெரியவர்களும் பிற்பாதியை மட்டும் பிள்ளைகளும் மேற்கோள் காட்டுவது வழக்கம்! விளையாட்டை நிறுத்த இயலாமல் படிப்பும் உறவும் கெடும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்குமுன் உறையிலோ விற்பனைப் பக்கத்திலோ உள்ள வயதுக் குறியைப் பாருங்கள். அமெரிக்க முறையில் ‘எம்’ என்றால் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு. ஐரோப்பிய முறையில் 12, 16, 18 என எண்ணாகவே இருக்கும்.

நம் தோழியர் ஆடும்போது நேரும் தொல்லை வேறு. ஒலிபெருக்கியில் பெண்குரல் கேட்டதும் இழிசொல் பேசுவோர் உண்டு. அதற்கஞ்சிப் பலர் மைக்கைத் திறவாமல் ஊமையராய் ஆடுகின்றனர். கட்சி ஆட்டத்தில் ‘இடப்புறம் இருவர்’ என்று சொல்வதே பாதித் திறமை. வாயை மூடிக்கொண்டவர் அந்தப் பாதியை இழக்கிறார். இது நீதியன்று. அப்படிப் பேசுபவரின் குரலை அடைக்கவும், அவர்மீது புகார் தரவும் ஆட்டத்துக்குள்ளேயே பொத்தான்கள் இருக்கின்றன. முதல் சுற்றுக்கு முன்பே அவை எங்கே உள்ளன என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். அறிமுகமான தோழியர் ஐவர் ஒரே கட்சியாகச் சேர்வது அதனினும் நன்று.

எதில் தொடங்கலாம் என்று கேட்பீர்களானால், ‘போர்ட்டல்’ என்போம். அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரியில் கிம் ஸ்விஃப்ட் என்ற மாணவியும் அவர்தம் தோழர்களும் 2005-இல் செய்த ஒரு மாணவப் படைப்பைக் கண்டு, வால்வ் நிறுவனம் அக்குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து விளைந்த போர்ட்டல் 2007-இல் வெளிவந்தது. ஐரோப்பிய வயதுக் குறி 12. நம் கையில் துப்பாக்கி போன்றதொரு கருவி உண்டு. குண்டு மட்டும் இல்லை. ஒரு சுவரில் சுட்டால் நீல வாசல், வேறொரு சுவரில் சுட்டால் ஆரஞ்சு வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றின் வழியே வெளிவரலாம். நேரம் ஓடாது, எதிராளியின் வசவு இல்லை, நின்று யோசிக்கலாம். தொடக்கத்தில் நாம் அடைபட்டிருக்கும் கண்ணாடி அறையின் சுவரில் ஒரு வாசல் திறக்கும். அதன் வழியே பார்த்தால், சற்றுத் தொலைவில் இதே போன்ற அறைக்குள் ஆரஞ்சு உடையணிந்த ஒரு பெண் நிற்பாள். நாம் அசைந்தால் அவளும் அசைவாள். அவள்தான் நாம்.