கரும்புக்காட்டுத் தொழிலாளியின் ஓட்டு

"ஓட்டுப் போட்டு என்னங்க ஆகப் போகுது? எவர் வந்தாலும் நம்ம பாடு அதே பாடுதான்!"

செனாய் வட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. பால்மரம் வெட்டிய காலத்திலும் கேட்டோம். மரங்கள் போய்ச் செம்பனையும் தொழிற்சாலையும் வந்த பிறகும் கேட்கிறோம். இப்படிப் பேசும் தோழர்களுக்குக் கயானா நாட்டுக் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

கயானா தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள நாடு. இங்கே போலவே அங்கேயும் வெள்ளைக்காரன் ஆட்சிதான். இங்கே ரப்பர், அங்கே கரும்பு. 1838 முதல் 1917 வரை இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் வடநாட்டார், சென்னையிலிருந்து போன நம்மவரும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்து போனது. மாரியம்மன் மட்டும் மறந்து போகவில்லை.

1948-ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கரும்பை வெட்டுவதோடு, படகில் ஏற்றும் வேலையும் வெட்டுகிறவர் தலையிலேயே விழுந்தது. அதை எதிர்த்தார்கள். தாங்கள் விரும்பிய சங்கத்தைத் துரைமார் ஏற்கவேண்டும் என்றும் கேட்டார்கள். ஜூன் 16-ஆம் நாள் என்மோர் தோட்டத்தில் போலீஸ் சுட்டு, ஐந்து தொழிலாளர் மாண்டனர்.

அந்த மக்களோடு நின்றவர் செட்டி ஜெகன். கரும்புத் தோட்டத்தில் 1918-ல் பிறந்து, அமெரிக்கா சென்று பல் மருத்துவம் படித்துத் திரும்பியவர். 1950-ல் மக்கள் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். ஆப்பிரிக்க வம்சத்துத் தொழிலாளரும் இந்தியரும் அதில் ஒன்றாக நின்றார்கள்.

1953 ஏப்ரல் 27-ல் தேர்தல். அதுவரை சொத்தும் வருமானமும் உள்ளவருக்கே ஓட்டு. அன்றுதான் 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு கிடைத்தது. 24 இடங்களில் 18 இடம் ஜெகன் கட்சிக்கு! தொழிலாளரில் பெரும்பான்மையோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சங்கத்தை முதலாளி ஏற்றே ஆகவேண்டும் என்று புதிய அரசு மசோதா கொண்டுவந்தது.

விடுவார்களா? அக்டோபர் 9-ல் பிரிட்டிஷ் அரசு அரசியல் சட்டத்தையே முடக்கியது, பட்டாளமும் வந்திறங்கியது. 133 நாளில் ஆட்சி போனது. 1955-ல் கட்சியும் பிளந்தது. இனத்துக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்தார்கள். துப்பாக்கி செய்த கெடுதலைவிட இந்தப் பிளவு செய்த கெடுதல் பெரிது என்போம்.

ஆனாலும் அந்த ஓட்டு வீண்போகவில்லை. 1976-ல் கரும்புத் தொழிலாளர் விரும்பிய சங்கத்துக்கு அங்கீகாரம் வந்தது, அதுவும் வாக்கெடுப்பின் மூலம். 1992 அக்டோபர் 9-ல் ஜெகன் நாட்டின் அதிபராகப் பதவியேற்றார். ஆட்சி பறிபோன அதே தேதி; இடையில் 39 ஆண்டுகள்!

மலாயாவில் 1955-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, குடியுரிமை இல்லாமல் ஓட்டுச் சாவடிப் பக்கமே போக முடியாத நம் பெரியவர்கள் எத்தனையோ பேர். இன்று குடிமகனுக்கு 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது. வேலை அவ்வளவு சுலபமாகிவிட்டது.

ஆகவே தோழர்களே, தோட்டத்தை விட்டு வெளியேறியும் அடையாள அட்டையில் பழைய லயத்து முகவரியே இருந்தால், மாற்றிவிடுங்கள். சிவப்பு அட்டையோடு காத்திருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், மனுப் போட உதவுங்கள். கயானாக்காரன் உயிரைக் கொடுத்துக் கேட்டதை, நாம் சோம்பலுக்குக் கொடுத்துவிடக் கூடாது.