செபஸ்தியாரின் அம்பும் தெள்ளுப்பூச்சியின் வில்லும்

பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டுத் திண்ணையில் டீச்சரம்மா ஒரு சில்வர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் ஐந்து பித்தளை அம்புகள். ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பெரிது. ஊறவைத்த புளியால் தேய்ப்பதும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தார். பக்கத்தில் ஓரடி உயரச் சுரூபம். மரத்தோடு கட்டப்பட்ட ஓர் இளைஞன். அம்புகளைக் கழற்றிவிட்டதால் மார்பில் இரண்டு, விலாவில் ஒன்று, தொடையில் இரண்டு என்று ஐந்து துளைகள் தெரிந்தன. துளைகளைச் சுற்றிச் சிவப்புச் சாயம்.

“இருபதாம் தேதி செபஸ்தியார் திருநாள்லா. அதுக்குள்ள மினுங்கணும்” என்றார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர் அவர். அந்தக் காலத்தில் ஊரில் அம்மை போட்டாலும் பேதி பரவினாலும் முதலில் செபஸ்தியாருக்குத்தான் நேர்ந்துகொள்வார்களாம்.

காயம்பட்ட தெய்வத்தை எங்கள் ஊருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் சோழர் காலக் கருவறைக்குள் இருக்கும் சிறிய லிங்கத்தில், பசுவின் குளம்பு பட்ட வடு இருப்பதாகச் சொல்வார்கள். பசுவாகப் பிறந்த கபில முனிவரின் கதை அது. கொஞ்சம் வடக்கே போனால் பரங்கிமலை. அங்கே தோமையார் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. ஆனால் போர்வீரன் ஒருவன், அதுவும் அம்பு பட்டவன், கொள்ளைநோய்க்கு எப்படிக் காவலன் ஆனான்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவன், கடைசியில் ஒரு தெள்ளுப்பூச்சியின் நெஞ்சுக்குள் போய் நின்றேன்.

செபஸ்தியாரைப் பற்றி வரலாறு உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான். கி.பி. 354-ஆம் ஆண்டு ரோமாபுரி நாட்குறிப்பு ஒன்றில் வேதசாட்சிகளின் பட்டியல் உண்டு. அதில் ஜனவரி 20-க்கு நேரே அவர் பெயரும், ஆப்பியா சாலையோரம் அடக்கம் செய்யப்பட்ட இடமும் இருக்கின்றன. அவர் மிலான் நகரத்துக்காரர் என்று நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆயர் அம்புரோஸ் எழுதினார். மற்றதெல்லாம் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சரிதத்தில் வருவது. பேரரசன் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படையில் அவர் அதிகாரி. ரகசியமாகக் கிறிஸ்தவர். விஷயம் வெளிப்பட்டதும் சக வீரர்களே அவரைக் கட்டிவைத்து அம்பு எய்தார்கள். உடம்பை எடுத்துப் புதைக்க வந்த ஐரீன் என்ற விதவை, மூச்சு இருப்பதைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புண்ணை ஆற்றினாள். தேறியவர் தப்பியோடவில்லை. மன்னன் வரும் வழியில் போய் நின்று அவன் கொடுமையை முகத்துக்கு நேரே சொன்னார். இந்த முறை தடியால் அடித்தே கொன்று சாக்கடையில் போட்டார்கள்.

அவர் அம்பால் சாகவில்லை, அம்பிலிருந்து பிழைத்தவர். இதை விட்டுவிட்டால் இந்தப் பக்தியின் உட்பொருள் பிடிபடாது.

தமிழ் மண்ணில் இந்த உருவம் ஏன் இத்தனை எளிதாக வேர்விட்டது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனை உடம்பில் தைத்த அம்புகளோடு செதுக்கியிருப்பார்கள். அம்பு பட்ட வீரனுக்குப் பூப்போட்டுக் கும்பிடுவது இங்கே செபஸ்தியார் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்த வழக்கம். கேரளத்தில் இன்னும் ஒரு படி மேல். அங்கே ‘அம்பு பெருநாள்’ என்றே விழாவுக்குப் பெயர். அம்பை வீடு வீடாக எடுத்துப் போவார்கள். அர்த்துங்கலில், சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் செபஸ்தியார் முன்னால் நின்று மாலையைக் கழற்றுகிறார்கள்.

இனி நோய்க்கு வருவோம். கொள்ளைநோய் கண்ணுக்குத் தெரியாது. எங்கிருந்தோ வரும், கூட்டத்தில் ஒருவனை விட்டு அடுத்தவனை வீழ்த்தும். இதற்கு ஒப்பாகப் பழைய மனிதர்கள் பலருக்குத் தோன்றிய பொருள் அம்பு. ஹோமரின் இலியத்தில் அப்போலோ கொள்ளைநோயை அம்பாகத்தான் எய்கிறான். முதலில் கோவேறு கழுதைகள் விழுகின்றன, பிறகு நாய்கள், அப்புறம்தான் மனிதர்கள். 680-இல் இத்தாலியின் பவியா நகரில் பெருங்கொள்ளைநோய் வந்தது. எட்டாம் நூற்றாண்டில் பவுல் என்ற துறவி அதை எழுதிவைத்திருக்கிறார். இரவில் ஒரு தீய தூதன் வேட்டை ஈட்டியோடு தெருவில் போவானாம். ஒரு வீட்டுக் கதவில் எத்தனை முறை குத்துகிறானோ, மறுநாள் அந்த வீட்டில் அத்தனை சாவு. செபஸ்தியாருக்குப் பீடம் வைத்தால் நோய் நிற்கும் என்று ஒருவருக்குத் தெரியவர, ரோமிலிருந்து அவருடைய திருப்பண்டத்தைக் கொண்டுவந்து பீடம் எழுப்பினார்கள். நோய் நின்றது. அம்பிலிருந்து பிழைத்தவன் அம்பை நிறுத்துவான் என்ற நம்பிக்கைக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சான்று இதுதான். 1348-இல் ஐரோப்பாவைக் கறுப்புச் சாவு வாரிக்கொண்டு போன பிறகு, அம்போடு நிற்கும் செபஸ்தியார் இல்லாத பெரிய ஊரே அங்கே அரிதானது.

அந்த அம்பு எது என்று மனிதன் கண்டுபிடித்தது நம் துணைக்கண்டத்தில். 1896-இல் பம்பாயில் பிளேக் இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் அதில் மாண்டார்கள். கிருமியை 1894-இலேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். அது எலியிலிருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது என்பதுதான் தெரியவில்லை. பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளிகளின் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். சிலருடைய கால்களில் குண்டூசித்தலை அளவில் ஒரு கொப்புளம் இருந்தது. கொப்புளத்து நீரில் பிளேக் கிருமி. அம்பு தைத்த இடத்தை முதன்முதலில் கண்ணால் கண்டவர் அவர்தான்.

1898 ஜூனில் கராச்சி ஹோட்டல் அறை ஒன்றில் அவர் செய்த சோதனையை நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் சேர்க்க வேண்டும். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அடியில் மணல். பிளேக் கண்ட எலியை உள்ளே விட்டு, ஒரு பூனையிடமிருந்து எடுத்த தெள்ளுப்பூச்சிகளையும் அதன் மேல் விட்டார். எலி செத்தது. நல்ல எலி ஒன்றைக் கம்பிக் கூண்டில் வைத்து ஜாடிக்குள் தொங்கவிட்டார். செத்த எலியை அது தொட வழியில்லை. தெள்ளுப்பூச்சி மட்டும் தாவி ஏறலாம். சில நாளில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. அவர் சொன்னதை அப்போது யாரும் நம்பவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் இந்தியப் பிளேக் ஆணையம் செய்த விரிவான சோதனைகளே அதை நிலைநாட்டின.

என்னை வியக்கவைத்தது இதற்கு மேல் உள்ள கதை. தெள்ளுப்பூச்சி தன் தசையின் வேகத்தால் தாவுவதில்லை. அத்தனை வேகமாகச் சுருங்க எந்தத் தசையாலும் முடியாது. அதன் நெஞ்சுக்கூட்டுக்குள் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதம் ஒரு சிறு திண்டாக இருக்கிறது. பூச்சி தன் தசையால் மெதுவாக அதை அழுத்தி, ஒரு கொக்கியில் மாட்டிவைத்துக்கொள்கிறது. கொக்கி விடுபட்டதும், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குள் மொத்த விசையும் வெளியாகிறது. புவியீர்ப்பைப்போல நூறு மடங்குக்கும் மேலான முடுக்கத்தில் அது பறக்கிறது. நாண் இழுப்பது மெதுவாக, எய்வது சட்டென்று. இது வில் அல்லாமல் வேறென்ன? இறக்கையுள்ள பூச்சிகளுக்கு இறக்கைக் கீலில் இருக்கும் அதே பொருள்தான் இந்த ரெசிலின். தெள்ளின் முன்னோர் இறக்கையை இழந்தார்கள், கீலை வில்லாக்கிக்கொண்டார்கள். பிளேக்கைப் பரப்பும் எலித்தெள்ளுக்கு 1903-இல் ‘செனாப்சில்லா கியாப்பிஸ்’ என்று பெயர் வைத்தவர் சார்லஸ் ராத்சைல்ட். அதே பூச்சியின் தாவலை எழுபதுகளில் அதிவேகப் படமெடுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அவருடைய மகள் மிரியம்.

பறந்து வந்த அம்பின் நுனியில் விஷம் எப்படி ஏறுகிறது? தெள்ளின் இரைப்பைக்கு முன்னால் முட்கள் பதித்த சின்ன வால்வு ஒன்று உண்டு. பிளேக் கிருமிகள் அங்கே பிசினாகத் திரண்டு வழியை அடைத்துவிடுகின்றன. குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி தாங்காத பூச்சி மறுபடி மறுபடி கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் குடித்ததைக் கிருமியோடு கடிவாய்க்குள்ளேயே கக்கும். ஏறக்குறைய 28 பாகை செல்சியஸுக்கு மேல் வெயில் ஏறினால் இந்த அடைப்பு நிலைப்பதில்லை. எலிகள் செத்துத் தீர்ந்தாலும், பருவம் மாறினாலும் பிளேக் தானாகத் தணிவதன் காரணங்கள் இவை. பவியாவின் மக்கள் பீடம் எழுப்பிய நேரத்தில் நடந்ததும் இப்படி ஒன்றாக இருக்கலாம்.

இதே பிளேக் சென்னை நகரத்தைப் பெரிதாகத் தீண்டவில்லை. கோயம்புத்தூரில் ஆட்டிப்படைத்தது, அங்கே ‘பிளேக் மாரியம்மன்’ என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. இங்கே ஏன் இல்லை? விடை கொழும்பிலிருந்து வந்தது. அந்நகரத்து நுண்ணுயிரியலர் எல். எஃப். ஹர்ஸ்ட், எலிகளின் மேலிருந்த தெள்ளுகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, எல்லாத் தெள்ளும் ஒன்றல்ல என்று கண்டுகொண்டார். சென்னை எலிகளின் மேல் பெரும்பாலும் இருந்தது ‘அஸ்தியா’ என்ற இன்னோர் இனம். பார்க்கக் கியாப்பிஸ் மாதிரியே இருக்கும். பிளேக்கைக் கடத்துவதில் மந்தம். கோடையின் சூடும் ஒரு பூச்சியின் மந்தமும் சேர்ந்து இந்த நகரத்தைக் காப்பாற்றின. நம் பாட்டன்மார் உயிர் பிழைத்ததில் அஸ்தியாவுக்கும் பங்குண்டு.

இவற்றையெல்லாம் டீச்சரம்மாவிடம் சொன்னேன். தெள்ளுப்பூச்சியின் வில்லை மிகவும் ரசித்தார். துலக்கிய அம்பை ஒவ்வொன்றாக அதனதன் துளையில் சொருகியபடியே, “அம்பு எய்ஞ்சது யாரு, எதுல எய்ஞ்சான்னு எல்லாம் கண்டுபிடிச்சிட்டீங்க. உருவி எடுத்து மருந்து வச்சது ஒரு பொம்பள. அவளுக்கு எங்கயாவது ஒரு சுரூபம் பாத்திருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார்.

நான் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் சிலர் ஐரீனை வரைந்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஷார்ஷ் து லா தூர், பந்த வெளிச்சத்தில் அவள் குனிந்து பார்ப்பதை வரைந்தார். நம் ஊர்த் தேர்களில் அவள் ஏறியதாக நான் அறியேன். அம்பு உருவுவது லேசான வேலையும் அல்ல. ஜோசப் பில் என்ற அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் 1862-இல் அம்புக் காயங்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கை காலில் பட்டவர் பிழைப்பதுண்டு, வயிற்றில் பட்டால் அநேகமாகச் சாவு, கண்மூடித்தனமாக இழுத்தால் முனை உள்ளேயே தங்கிவிடும் என்றார். இன்றும் மருத்துவர்கள் சொல்வது அதுதான்: உடம்பில் கம்பியோ கத்தியோ பாய்ந்திருந்தால் நீங்களாக உருவாதீர்கள், அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஐரீன் செய்ததில் பக்தி எவ்வளவோ, அவ்வளவு கைப்பக்குவமும் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கைப்பக்குவத்தின் பெயரில் எங்களுக்கு ஒரு ரயில் நிலையமே இருக்கிறது: தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் இங்கே காசநோய் விடுதியைத் தொடங்கினார். அதற்கு முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய விடுதியில், 1917-இல் கணிதமேதை ராமானுஜன் நோயாளியாக இருந்தார். அன்று மருந்து என்று ஒன்றும் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, பக்கத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. காசநோயை அடக்கிய அந்த முதல் மருந்து பிளேக்கையும் அடக்கியது. 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், மீதிப் பேரை நெரிசலான ஏழை வீடுகளிலேயே வைத்தும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் விடுதியில் இருந்தவர்களுக்குக் கொஞ்சமும் குறையாமல் தேறினார்கள்; வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. நோயாளியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்த் தேற்றிய ஐரீனின் வழிதான் அது.

காசநோயின் அம்பு இருமலில் பறக்கிறது. அதற்கு எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம். செபஸ்தியாருக்கு மெழுகுத்திரி ஏற்றுபவர்களும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர்களும், எதுவும் செய்யாதவர்களும் ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கே இலவசம்.