115 டாலருக்கு ஒரு ஹைட்ரண்ட்

இரண்டு பக்கக் கண்ணாடியும் உடைக்கப்பட்ட ஒரு கார். நடைபாதை ஓரத்து ஹைட்ரண்டிலிருந்து, அதாவது தீயணைப்புக்கான தெருக் குழாயிலிருந்து, கிளம்பும் தடித்த ஹோஸ், ஒரு ஜன்னல் வழியாக உள்ளே போய், சீட்டுகளைத் தாண்டி, மறு ஜன்னல் வழியாக வெளியே வந்து தீயணைப்பு வண்டியில் சேர்கிறது. அமெரிக்க நகரங்களிலிருந்து வருஷம் தவறாமல் இப்படி ஒரு படம் வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். ஹைட்ரண்டை மறைத்து நிறுத்தியவன்தானே, ‘வேணும் இவனுக்கு’ என்ற தொனியில் கருத்துகள் குவியும். விலை உயர்ந்த கார் என்றால் கொண்டாட்டம் இரட்டிப்பு. 1991-ல் வந்த ‘பேக்டிராஃப்ட்’ படத்திலேயே இந்தக் காட்சி உண்டு.

தீயணைப்பு வீரர்கள் கோபத்தில் உடைக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் கோபமும் இருக்கலாம், யார் கண்டது! ஆனால் காரணம் ஹோஸில் இருக்கிறது. ஹைட்ரண்டையும் வண்டியிலுள்ள பம்ப்பையும் இணைக்கிற ஹோஸ் நாலைந்து அங்குல விட்டம் கொண்டது. காலியாக இருக்கும்போது தட்டையாக மடித்து அடுக்கலாம். தண்ணீர் ஏறியதும் விறைத்துவிடும். அதன் பிறகு நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் நினைத்த பக்கம் வளையாது. கார் கூரைமேல் ஏற்றி இறக்கினால் விளிம்பில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் தண்ணீர் சுருங்கும். மேலே மூன்றாவது மாடியில் குழாய்முனையைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நிற்பவருக்கு அந்தச் சுருக்கம் உயிர் விஷயம். ஆகவே நேர்க்கோட்டில் எது குறுக்கே நிற்கிறதோ அதன் ஊடாகவே போய்விடுவது. இதற்கு வாகாக அவர்கள் கையில் ஹாலிகன் என்ற இரும்புக் கருவி இருக்கிறது. ஹியூ ஹாலிகன் என்ற நியூயார்க் தீயணைப்பு அதிகாரி 1940-களில் வடிவமைத்தது. ஒரு தட்டு தட்டினால் பக்கக் கண்ணாடி கற்கண்டாக உதிர்ந்துவிடும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வருகிறதே, தீயணைப்புப் பணிக்கு இடையூறு செய்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். கூட்டம் கூடுவது, செல்போனில் படம் எடுப்பது, வழிவிடாமல் போவது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நியூயார்க்கின் ஹைட்ரண்ட் விதியைப் படிக்கப் போய் அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

விதி என்னவோ எளிமையானது. நியூயார்க் நகரத்தில் ஏறத்தாழ 1,09,000 ஹைட்ரண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரு புறமும் 15 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. அங்கே பலகை இருக்காது, நடைபாதை விளிம்பில் வண்ணமும் பெரும்பாலும் இருக்காது. ஹைட்ரண்ட் கண்ணில் படுகிறதா, தள்ளி நிறுத்து, அவ்வளவுதான். மீறினால் 115 டாலர் அபராதம். ஒரே ஒரு சலுகை: சூரியன் உதித்து மறைகிற வரை, ஓட்டுநர் தன் இருக்கையை விட்டு இறங்காமல், எந்த நொடியும் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தால் அங்கே நிற்கலாம். இருட்டிய பிறகு அதுவும் கிடையாது. இந்த விதிக்கு உறவுக்காரர்களும் உண்டு. தரையில் கிடக்கும் தீயணைப்பு ஹோஸ்மீது அனுமதியில்லாமல் வண்டி ஏற்றுவது குற்றம். கலிஃபோர்னியாவில் சைரன் ஒலித்துப் போகும் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் 300 அடிக்குள் ஒட்டிக்கொண்டு போவதும் குற்றம். ஹோஸ் விஷயம் வேடிக்கையல்ல. தண்ணீர் ஓடும் ஹோஸ்மீது கார்ச் சக்கரம் ஏறி இறங்கினால் ஓட்டம் தடைபட்டு மறுபடி பாயும். அந்த அதிர்ச்சி அப்படியே குழாய்முனையைப் பிடித்திருப்பவரின் கைக்குப் போகும்.

115 டாலர் நம் பணத்தில் ஏறத்தாழ 10,000 ரூபாய். தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்ஸுக்கோ வழிவிடாதவர்களுக்கு நம் மோட்டார் வாகனச் சட்டம் 2019 திருத்தத்தில் விதித்த அபராதமும் 10,000 ரூபாய்தான். நம் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நியூயார்க்கில் ஹைட்ரண்டை மறைத்த கார்க்காரருக்குச் சிறை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த நகரத்தில் ஹைட்ரண்டை முதலில் மறைத்தவர்கள் யார் தெரியுமா? தீயணைப்பு வீரர்களேதான். 1865 வரை நியூயார்க்கில் சம்பளத் தீயணைப்புப் படை கிடையாது. தன்னார்வக் குழுக்கள்தான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேட்டை, ஒரு சின்னம், ஒரு கௌரவம். தீக்கு முதலில் தண்ணீர் அடித்தவன் யார் என்பதில் மானப் பிரச்சினை. மணி அடித்ததும் குழுவின் இளவட்டம் ஒருவன் காலிப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் ஓடுவான். ஹைட்ரண்டின்மேல் பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். தன் குழுவின் வண்டி வருகிற வரை அவன் அசைய மாட்டான். எதிர்க்குழு முதலில் வந்துவிட்டால் அடிதடி. வீடு எரிந்துகொண்டிருக்கும், அணைக்க வந்தவர்கள் தெருவில் உருண்டுகொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர்தான் பின்னாளில் நகரத்தையே சுருட்டிய அரசியல்வாதி வில்லியம் ட்வீட். அவருடைய குழுவின் புலிச் சின்னம் அவர் கட்சிக்காரர்களைக் குறிக்கும் கார்ட்டூன் புலியாகவே மாறியது. கடைசியில் மாநில அரசு தலையிட்டு, தன்னார்வக் குழுக்களைக் கலைத்து, சம்பளம் வாங்கும் படையை நிறுவியது. பீப்பாய் ஒழிந்தது. அந்த இடத்துக்குக் கார் வந்து சேர அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

விதியின் இன்னொரு பாதி, காரோடு சம்பந்தமில்லாதது. ஹைட்ரண்டைத் திறக்கக் கூடாது என்பது. கோடையில் ஏர்கண்டிஷனர் இல்லாத அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் ஹைட்ரண்டைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் குளிக்க விடுவது அமெரிக்கப் பெருநகரங்களில் பல தலைமுறைப் பழக்கம். முழுதாகத் திறந்த ஒரு ஹைட்ரண்ட் நிமிஷத்துக்கு 1,000 காலனுக்குமேல், அதாவது சுமார் 3,800 லிட்டர் கொட்டும். ஒரே தெருவில் மூன்று நான்கு திறந்துகிடந்தால் அந்தப் பகுதிக் குழாயில் அழுத்தம் விழுந்துவிடும். அந்த நேரத்தில் தீப்பிடித்தால் வண்டி வந்தும் பயனில்லை. தவிர, அந்தப் பாய்ச்சல் சிறு பிள்ளையைத் தள்ளி நடுரோட்டில் போட்டுவிடும். ஆகவே தடை நியாயமானதுதான், அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் தடையை எப்படி அமல்படுத்துவது? 1966 ஜூலை 12. சிகாகோவின் மேற்குப் பகுதி. வெயில் வாட்டியெடுத்த வாரம். ரூஸ்வெல்ட் சாலைக்கும் த்ரூப் தெருவுக்கும் அருகே கறுப்பினப் பிள்ளைகள் ஹைட்ரண்டைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வந்து மூடியது. பிள்ளைகள் திறந்தார்கள், போலீஸ் மறுபடி மூடியது. பக்கத்து வெள்ளையர் தெருக்களில் ஹைட்ரண்டுகள் திறந்தேதான் இருக்கின்றன, எங்களுடையதை மட்டும் மூடுவானேன் என்பது கூடியிருந்தவர்களின் கேள்வி. அக்கம்பக்க நீச்சல்குளங்கள் பலவற்றில் அவர்களுக்கு இடமில்லை என்ற ஆத்திரம் வேறு. கைது, கல்வீச்சு, கடை உடைப்பு என்று நாள்கணக்கில் நீண்டது. தேசியக் காவல் படையினர் ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்டார்கள். உயிர்ப்பலியும் நேர்ந்தது. வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் போராட்டம் நடத்த மார்ட்டின் லூதர் கிங் அந்த ஆண்டு சிகாகோவிலேயே வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியிருந்தார். அவரும் தெருவில் இறங்கிச் சமாதானம் பேச வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு நகராட்சி என்ன செய்தது என்பதைக் கேளுங்கள். ஹைட்ரண்டுகளில் பொருத்தத் தண்ணீர் தெளிப்பான்களையும், எடுத்துச் செல்லத்தக்க நீச்சல்தொட்டிகளையும் அனுப்பிவைத்தது. முதல் நாள் போலீஸுக்குப் பதில் ஒரு தெளிப்பானை அனுப்பியிருக்கலாம்.

நியூயார்க் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. 18 வயது நிரம்பிய யாரும் அடையாள அட்டையோடு உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்த் தெளிப்பு மூடி கேட்கலாம். தீயணைப்பு வீரர்களே வந்து மாட்டிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. மூடி போட்ட ஹைட்ரண்டில் நிமிஷத்துக்கு 25 காலன்தான் போகும். பிள்ளைகளும் நனையலாம், குழாயில் அழுத்தமும் நிற்கும். சரி, மூடி கேட்காமல் தானே திறந்தால்? 1,000 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வெக்கை தாங்காமல் ஹைட்ரண்டைத் திறந்தவருக்குச் சிறை வரை போகிறது சட்டம். அதே ஹைட்ரண்டை ராத்திரி முழுக்கக் காரால் மறைத்தவருக்கு 115 டாலர். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்போது இரண்டும் ஒரே விளைவைத்தான் தரும்: தண்ணீர் இல்லை. முதலாவதையாவது மூடிவிடலாம், பூட்டலாம். காரைக் கண்ணாடி உடைப்பதைத் தவிர என்ன செய்வது? இழுவை வண்டி வருகிற வரைக்கும் தீ காத்திருக்குமா?

மன்ஹாட்டனில் கட்டண நிறுத்தத்தில் ஒரு நாள் விட்டாலே பல பத்து டாலர் போய்விடும். தினமும் பிடிபடப் போவதில்லை என்று தெரிந்த வசதிக்காரருக்கு எப்போதோ ஒரு முறை 115 டாலர் கட்டுவது தண்டனையாகத் தெரியாது. வாடகைக் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விடுவார். பொருள் விநியோக நிறுவனங்களுக்கு நகரமே இதை வியாபாரமாக்கிக் கொடுத்திருக்கிறது. அபராதச் சீட்டை எதிர்த்து வாதாட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் பல வகை மீறல்களுக்குத் தள்ளுபடி உண்டு என்ற ஏற்பாடு 2004-ல் தொடங்கியது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்கிற நியாயம் போலும்!

பணத்தால் ஆகாதது வேறொன்றால் ஆகும் என்பதற்கும் இதே நகரத்தில் சாட்சி இருக்கிறது. ஐ.நா.வுக்கு வந்த வெளிநாட்டுத் தூதர்கள் 1997-லிருந்து 2002 வரை கட்டாமல் விட்ட பார்க்கிங் சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்குமேல், தொகை 1.8 கோடி டாலருக்குமேல். தூதர் என்பதால் வசூலிக்க வழியில்லை. 2002 கடைசியில், சீட்டு சேர்ந்தால் தூதர் வண்டியின் சிறப்பு நம்பர் பிளேட்டைப் பறிக்கலாம் என்று அதிகாரம் வந்தது. மீறல்கள் கிட்டத்தட்ட 98 சதவீதம் குறைந்தன.  காரை ஓட்ட முடியாது என்ற பயம் வேலை செய்தது.

கார்க்காரர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மன்ஹாட்டனின் கீழ் கிழக்குப் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு ஹைட்ரண்டுகளுக்கு எதிரே, சைக்கிள் பாதைக்கு இந்தப் பக்கம், வண்டி நிறுத்தலாம் என்பது போலவே கோடு போடப்பட்டிருந்தது. நம்பி நிறுத்தியவர்களிடமிருந்து ஆண்டுக்கு 55,000 டாலருக்குமேல் நகரம் வசூலித்துக்கொண்டிருந்ததை ஒருவர் 2014-ல் அரசின் தரவுகளைத் தோண்டியே கண்டுபிடித்தார். பிறகு கோட்டை மாற்றிப் போட்டார்கள்.

இப்போது பீப்பாய் வானத்துக்கும் ஏறிவிட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பாலிசேட்ஸ் பகுதி எரிந்துகொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்க ஒருவர் பறக்கவிட்ட டிரோன், கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்த தண்ணீர் விமானத்தில் மோதி இறக்கையில் ஓட்டை போட்டது. ஏரியிலோ கடலிலோ சறுக்கியபடியே ஏறத்தாழ 6,000 லிட்டர் அள்ளிக்கொண்டு பறக்கும் விமானம் அது. தண்ணீர் மிக மிகத் தேவைப்பட்ட நாட்களில் பழுதுபார்க்க நிறுத்திவைக்கப்பட்டது. டிரோனை அவர் எங்கிருந்து பறக்கவிட்டார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சாண்டா மோனிகாவில் ஒரு பல மாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டைமாடி. குற்றத்தை ஒப்புக்கொண்டு, 65,000 டாலருக்குமேல் இழப்பீடு கட்டவும் 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் அவர் சம்மதித்தார். பணத்தைவிட அந்த 150 மணி நேரம்தான் எனக்குப் பிடித்திருந்தது. மணி நேரம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே நீளம்.

வருமானத்தைப் பார்த்து அபராதம் போடலாமே என்று கேட்டால், நடைமுறைக்கு ஒத்து வராது என்பார்கள். நியூயார்க் நகரத்துக்குள்ளேயே, ஸ்டேட்டன் தீவின் குற்றவியல் நீதிமன்றத்தில், 1988-ல் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். குற்றத்தின் கனத்துக்கு இத்தனை அலகு என்று முதலில் தீர்மானிப்பது, குற்றவாளியின் ஒரு நாள் வருமானத்தை ஒட்டி ஒரு அலகுக்கு எத்தனை டாலர் என்று பிறகு கணக்கிடுவது என்பதுதான் முறை. சிறு குற்றங்களுக்கு அதை நடைமுறைப்படுத்த முடிந்தது. ஆனாலும் நகரம் அதை விரிவாக்கவில்லை. பார்க்கிங் சீட்டின் பக்கம் அந்த யோசனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாடகை டாக்ஸி ஓட்டுபவருக்கும் வால் ஸ்ட்ரீட்டில் கோடிகளில் போனஸ் வாங்குபவருக்கும் ஹைட்ரண்டின் விலை இன்றைக்கும் 115 டாலர்தான்.