தாங்கியைப் பார்க்கும் கருவி கிணற்றையும் பார்க்க வேண்டும்

கடந்த ஆவணியில் ஒருநாள் காலைத் தேநீரை வாயில் வைத்ததும் அம்மா முகம் சுழித்தார். "தண்ணி சவர்க்குது, தம்பி." வடமராட்சிக் கரையோரத்தில் எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. தேடிப் பார்த்தால் பின்வளவில் குழாய் வெடித்திருந்தது. தாங்கி குறையக் குறைய, தானியங்கி மோட்டர் இரவிரவாக இறைத்து நிரப்பியிருக்கிறது.

அதைப் பூட்டுவித்தவர் வெளிநாட்டிலுள்ள அண்ணா. அம்மா இருட்டில் ஆளி போடப் போய் விழக்கூடாது என்பது அவருடைய கவலை. கருவி பழுதாகவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்தது.

இத்தகைய கருவிகளில் உணரி அளக்கும், கட்டுப்படுத்தி முடிவெடுக்கும், மோட்டர் இயங்கும். உணரி அளக்காத எதுவும் கருவிக்குத் தெரியாது. எங்களுடையது தாங்கியின் மட்டத்தை மட்டுமே அளந்தது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, தன்னிலும் பாரமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறலாம். விடாமல் இறைத்தால் கிணற்றுக்கு நேர்கீழே அது கூம்பாக எழும்பும்.

1990 இல் மின்சாரம் நின்ற பிறகு, பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் அளந்துதான் இறைத்தோம். துலாவில் இழுத்தவர்கள் கை உளைந்ததும் நிறுத்தினார்கள். இரவில் கிணறு ஊறியது. அந்தக் காலம் எவருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் அன்று நிறுத்துவதற்கு ஓர் ஆள் இருந்தார். இன்று அதையும் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறோம். ஒரு தடவையில் மோட்டர் 20 நிமிடத்துக்கு மேல் ஓடாது. அதற்குள் தாங்கி நிரம்பாவிட்டால் அண்ணாவுக்கும் எனக்கும் தகவல் வரும். கிணற்றுக்குள்ளும் ஒரு மட்ட உணரி இருக்கிறது. மின்கடத்துதிறன் மானியால் தண்ணீரை வாரமொருமுறை அளக்கிறோம். உப்புக் கூடினால் அந்த அளவும் கூடும்.

ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு இப்படியொன்றைப் பூட்டுபவர்கள், தாங்கி நிரம்பாவிட்டால் அது எப்போது நிற்கும் என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வளவுக் கிணறுகளும் அதே நன்னீரில்தான் இருக்கின்றன.

எங்கள் கிணற்றில் சவர் குறைய மாரி வரை காத்திருந்தோம். அதுவரை குடிதண்ணீரை ஒழுங்கை முனைக் கிணற்றிலிருந்து கலனில் சுமந்தோம்.