மூன்று மில்லிமீட்டர் பலகை

பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று பார்க்க வீட்டுப் பெரியவர்கள் விரலை மடக்கித் தட்டுவார்கள். கிட்டார் செய்யும் கைவினைஞரும் ஒரு ஸ்ப்ரூஸ் மரப் பலகை கைக்கு வந்ததும் அதைத்தான் செய்கிறார். பலகையின் மேல்விளிம்பிலிருந்து கால்பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இரண்டே விரல்களால் பிடித்து, காதோரம் தொங்கவிடுகிறார். அந்த இடத்தில் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பலகை அதிரும்போது அசையாமல் நிற்கும் கோடு அங்கேதான் ஓடுகிறது. அங்கே பிடித்தால் விரல் அதிர்வை விழுங்காது. பிறகு மறுகை முட்டியால் நடுவில் ஒரு தட்டு. நல்ல பலகையானால் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் ஒலி எழுந்து, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் அடங்கும். ஆகாத பலகை அட்டைப்பெட்டி மாதிரி ‘தொப்’பென்று அங்கேயே முடிந்துவிடும்.

கையால் செய்த உயர்தர ஸ்டீல் தந்தி கிட்டாரின் விலை பல இலட்சம் ரூபாய்க்குப் போகிறது. பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்கே வாசிக்கத்தக்க கிட்டார் கிடைக்கும் காலத்தில் இது எதற்கான விலை? மரத்துக்கா, பெயருக்கா, முத்துச்சிப்பி பதித்த அலங்காரத்துக்கா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், வந்து நிற்பது காதோரம் தொங்கிய அந்தப் பலகையிடம்தான்.

தந்தி தனியே ஒலித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத கம்பி, காற்றை அறுத்துக்கொண்டு போகுமே தவிர அதைத் தள்ளாது. தள்ளுவதற்கு அகலமான பரப்பு வேண்டும். தந்தியின் அசைவு, அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்கு இறங்குகிறது. பலகை விசிறிபோல் முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. நாம் கிட்டாரின் ஒலி என்று கேட்பது பெரும்பாலும் இந்தப் பலகையின் ஒலியையும், அது பெட்டிக்குள்ளிருந்து துளை வழியே வெளியேற்றும் காற்றின் ஒலியையும்தான்.

அந்தப் பலகையின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ‘லைட் கேஜ்’ என்று விற்கப்படும் சாதாரணத் தந்திகள் ஆறையும் மாட்டிச் சுருதி சேர்த்தால், மொத்த இழுவை 70 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் அந்தப் பாரம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்கும் பலகையின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். தராசில் வைத்தால் பலகை மட்டும் கால் கிலோகூட இராது.

பயந்துபோய்ப் பலகையைத் தடிமனாக விட்டால் கிட்டார் நூறு ஆண்டுக்கு உடையாது. வாய்விட்டு ஒலிக்கவும் செய்யாது. இழைத்து மெலிதாக்கினால் ஒலி திறக்கும். அளவு மீறினால் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வீங்கி, முன்னால் உள்வாங்கி, ஒருநாள் கிட்டாரே வாசிக்க ஆகாமல் போகும். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 3 மில்லிமீட்டரை 2.7 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விறைப்பில் கால்பங்குக்கு மேல் போய்விடும். இழைப்புளியின் கடைசிச் சில இழுப்புகளில்தான் கிட்டாரின் தலையெழுத்து இருக்கிறது.

ஸ்ப்ரூஸ் மரத்தை எல்லோரும் நாடுவது இதனால்தான். அது எடையில் குறைவு, விறைப்பில் அதிகம். ரேகையின் நீளவாக்கில் அதன் விறைப்பு குறுக்குவாக்கில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நீளவாக்கில் ஒலி அதற்குள் நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாய்கிறது; எஃகுக்குள் பாயும் வேகத்துக்கு அது ஏறக்குறைய நிகர். ஆரம்பகால விமானங்களின் சட்டகங்களை சிட்கா ஸ்ப்ரூஸில் செய்ததும் இதே குணங்களுக்காகத்தான்.

குறுக்குவாக்கில் உள்ள பலவீனத்தை ஈடுகட்ட உள்ளே மெல்லிய கட்டைகளை ஒட்டுகிறார்கள். இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மார்க்நாய்கிர்சனில் 1796இல் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின், 1833இல் அமெரிக்கா போனார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் குடியேறினார். 1840களில் அவர் பட்டறையில் இரண்டு கட்டைகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே ஒட்டிச் செய்யும் முறை வந்தது. அப்போது கிட்டாரில் குடல்நரம்புத் தந்திதான். எண்பது ஆண்டு கழித்து, 1920களில் ஸ்டீல் தந்தி பரவியபோது, அந்தக் கூடுதல் இழுவையைத் தாங்குவதற்கென்றே கண்டுபிடித்ததுபோல் அந்த அமைப்பு கைகொடுத்தது. இன்று உலகில் செய்யப்படும் ஸ்டீல் தந்தி கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே அந்தப் பெருக்கல் குறியைப் பார்க்கலாம்.

மார்ட்டின் நிறுவனம் 1944 வரை அந்தக் கட்டைகளை நடுவில் குடைந்து, பள்ளமும் மேடுமாகச் செதுக்கி ஒட்டியது. வாடிக்கையாளர்கள் மேன்மேலும் தடித்த தந்திகளை மாட்டத் தொடங்கியதும் செதுக்குவதை நிறுத்தியது. கிட்டார் உறுதியானது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிட்டார்களின் துடிப்பு பின்வந்தவற்றில் இல்லை என்று வாசிப்பவர்கள் பலர் சொன்னார்கள். அந்தப் பழைய கிட்டார்கள் இன்று பொக்கிஷமாக விலைபோகின்றன.

தொழிற்சாலைக்கும் தனிக் கைவினைஞருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கில் செய்து, உத்தரவாதமும் கொடுத்து விற்கும் நிறுவனம் எந்தப் பலகையானாலும் ஒரே அளவுக்கு இழைக்கும். எவர் வீட்டில் எப்படி வைத்தாலும் உடையாத பக்கமாகச் சற்று ஒதுங்கியே நிற்கும். அது தவறல்ல. தனியாள் ஒருவர் ஒவ்வொரு பலகையையும் அதனதன் விறைப்புக்கு ஏற்ப இழைக்கிறார். ஒன்றை 2.6இல் நிறுத்துவார், இன்னொன்றை 3இலேயே விட்டுவிடுவார். உடைவதன் விளிம்புக்கு அருகில் போய், விழாமல் நிற்கத் தெரிந்திருப்பதற்குத்தான் அந்த விலை.

வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் ரக்பி என்னும் சின்னஞ்சிறு ஊரில் வேலை செய்யும் வெய்ன் ஹெண்டர்சனைப் பாருங்கள். கிராமத்துத் தபால்காரராகப் பல ஆண்டு வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் செய்தவர். உள்கட்டைகளைச் சீவ அவர் எடுப்பது ஒரு பேனாக்கத்தி. சீவுவார், தட்டுவார், கேட்பார், மறுபடி சீவுவார். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அவருடைய கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டார். ஏறக்குறைய பத்து ஆண்டு காத்திருந்த பிறகுதான் கிடைத்தது. அந்தக் கிட்டார் உருவான கதையை ஆலன் செயின்ட் ஜான் 2005இல் தனி நூலாகவே எழுதினார்.

சரி, அப்படியொரு கிட்டார் உங்கள் மடியில் இருக்கிறது. எப்படி எடைபோடுவது?

பெரும்பாலோர் எடுத்ததும் தமக்குத் தெரிந்த வேகமான உருப்படியை ஓங்கி அடித்து வாசிப்பார்கள். ஓங்கி அடித்தால் எந்தக் கிட்டாரும் ஒலிக்கும். முதலில் மிக மெதுவாக, நகம் படுவதும் படாததுமாகத் தொட வேண்டும். தடித்த பலகை அந்தத் தொடுகையைக் கண்டுகொள்ளாது. நன்றாக இழைத்த பலகை உடனே விழித்துக்கொள்ளும். கிசுகிசுப்பாக வாசித்தாலும் ஒலி மெலியுமே தவிர நிறம் வெளிறாது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் ஒலி பெருகுவது நின்று, கலங்கத் தொடங்கும். அந்த இடம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது இரண்டாவது சோதனை. அமெரிக்கச் செம்ஸ்ப்ரூஸைப் பலர் தேடுவது, அந்த எல்லை அதில் தூரத்தில் வருகிறது என்பதற்காக.

அடுத்து, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஏறி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும். இது அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாது. கிட்டார் பெட்டிக்கு என்று சில இயற்கை அதிர்வெண்கள் உண்டு. உள்ளிருக்கும் காற்றின் ஒத்ததிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், மேல்பலகையின் முதன்மை ஒத்ததிர்வு 200ஐ ஒட்டியும் வரும். இவற்றில் ஒன்று ஒரு சுரத்தின் மேல் துல்லியமாகப் பொருந்திவிட்டால், தந்தியின் ஆற்றலைப் பலகை ஒரே மடக்கில் குடித்துவிடும். அந்தச் சுரம் மட்டும் முழங்கி, சட்டென்று செத்துப்போகும். தேர்ந்த கைவினைஞர்கள் இந்த ஒத்ததிர்வுகளை இரண்டு சுரங்களுக்கு நடுவே விழும்படி அமைக்கப் பார்க்கிறார்கள்: 98 ஹெர்ட்ஸில் ஒரு சுரம், 104ஐ ஒட்டி அடுத்தது என்றால், இடையில் 101இல். இவ்வளவு நுட்பத்தை ஒரு பேனாக்கத்தியால் செய்ய முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

அடுத்தது சுருதிச் சோதனை. பன்னிரண்டாம் ஃபிரெட்டின் நேர் மேலே தந்தியை இலேசாகத் தொட்டு ஒரு ஹார்மானிக். அதே இடத்தில் அழுத்தி ஒரு சுரம். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இதில் பிசகினால் பிரிட்ஜில் உள்ள சாடிலைச் சீராக்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பல இலட்சம் வாங்கியவர் அதை முன்பே செய்திருக்க வேண்டும்.

பிறகு கண்ணுக்கு வேலை. ஒரு சிறு கண்ணாடியும் டார்ச்சும் போதும். துளை வழியே உள்ளே பாருங்கள்: கட்டைகளின் முனைகள் சுத்தமாகச் சீவி, இடைவெளியின்றி ஒட்டியிருக்கின்றனவா, பசை வழிந்து உறைந்து கிடக்கிறதா? யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். மேல்பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரே பலகையைப் புத்தகம்போல் விரித்து ஒட்டிய இரண்டு பாதிகள் அவை. ஒரு பாதி வெளுப்பாகவும் மறுபாதி கருப்பாகவும் தெரிந்து, கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பினால் அந்த வெளுப்பும் கருப்பும் இடம் மாறினால், மரநார் பலகையின் தளத்தோடு ஓடாமல் சாய்ந்து வெளியேறுகிறது என்று பொருள். விறைப்பில் குறை வைக்கும் அடையாளம் அது. ஓரளவு இருந்தால் ஒலி கெட்டுவிடாது. இந்த விலைக்கு அதுவும் இல்லாமலிருப்பதே நியாயம்.

சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு இன்னொன்று. நல்ல பட்டறைகள் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்துக் கிட்டாரை ஒட்டுகின்றன. நம் கடலோரக் காற்றில் பலகை குறுக்குவாக்கில் ஊறி மேலெழும். தந்தி உயர்ந்து அழுத்தக் கடினமாகும். விறைப்பின் விளிம்பில் நிற்கும் மெல்லிய பலகைதான் முதலில் பாதிக்கப்படும். பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பையும் ஒரு சிறு ஈரமானியும் இல்லாமல் இத்தகைய கிட்டாரை வாங்கவே கூடாது.

கடைசியாகப் பின்பலகை. விலைப்பட்டியலில் மிகப் பெரிய தொகை பெரும்பாலும் இதற்குத்தான் எழுதப்படுகிறது. பிரேசில் ரோஸ்வுட் என்றால் விலை எங்கோ போய்விடும். அந்த மரம் அழிவின் விளிம்புக்கு வந்து, 1992இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே, 1969இல், மார்ட்டின் நிறுவனம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்துக்கு மாறிவிட்டது. தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிறோமே, அந்த மரம். பிரேசில் மரத்துக்கு இது மாற்று மட்டுமே என்று இன்றும் பலர் தாழ்த்திப் பேசுவது எனக்கு வருத்தம் தரும்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பின்பலகை மரத்தின் வேறுபாடு வாசிப்பவருக்குத் தெரிகிறதா என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். கிட்டார் செய்யும் ரோஜர் பக்னல் ஆறு கிட்டார்களைச் செய்து கொடுத்தார். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். மற்ற எல்லாம் இயன்ற அளவு ஒன்றுபோல. 52 கிட்டார் கலைஞர்கள், மங்கலான அறையில், வெல்டிங் வேலைக்கான கறுப்புக் கண்ணாடி அணிந்து, எது என்ன மரம் என்று தெரியாமல் வாசித்து மதிப்பெண் இட்டார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். ஒன்றிலிருந்து ஒன்றை அடையாளம் காண்பதே அவர்களுக்கு எளிதாக இல்லை.

கைவினைஞர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இலேயே பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்து காட்டினார். அது இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995இல் அமெரிக்கக் கிட்டார் உற்பத்தியாளர் பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் பழைய ஓக் சட்டத்தை உடைத்தெடுத்த பலகையில் ஸ்டீல் தந்தி கிட்டாரே செய்தார்.

ஆகவே பிரேசில் ரோஸ்வுட்டுக்கென்று கூடுதலாகக் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதே கைவினைஞரிடம் தோதகத்தியில் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தை அவருடைய நேரத்துக்குக் கொடுங்கள். கிட்டார் கைக்கு வந்ததும் விலைச்சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு, கண்ணை மூடி, மூன்றாம் தந்தியை மிக மெதுவாக ஒருமுறை மீட்டுங்கள். அந்த ஒலி முழுதாக அடங்கும்வரை அடுத்த சுரத்தை வாசிக்க வேண்டாம்.