இருமாத காசநோய்

காசநோயை 2025-க்குள் ஒழிப்பதாக இந்தியா சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஒழிப்பு என்று மேடையில் பேசினாலும், ஏட்டில் உள்ள இலக்கு 2015-ஐவிடப் புதிய நோயாளிகளை 80 சதவீதம் குறைப்பதுதான். 2024 வரை 21 சதவீதம்தான் குறைந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அவசரத்தில் நடந்த காசநோய் கண்டறியும் முகாம்களைப் பற்றி டயாலிசிஸ் நோயாளிகளின் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: இருமல் இல்லை, சளியில் கிருமி இல்லை என்று அனுப்பியவருக்குக் கழுத்துக் கட்டியிலோ வயிற்றிலோ முதுகெலும்பிலோ காசநோய் வந்தது எப்படி?

முகாம் தேடும் அடையாளங்களை மறைத்துவிடுவதே சிறுநீரகச் செயலிழப்பின் குணம். தோல் பரிசோதனையான மாண்டூ ஊசி கிருமியைத் தேடுவதில்லை; கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் தோலில் தடிப்பை எழுப்புகின்றனவா என்றுதான் பார்க்கிறது. கழிவு தேங்கிய ரத்தத்தில் அந்த அணுக்களே சோர்ந்துபோகின்றன. அதனால் கிருமி பரவ வழிவிடும் அதே பலவீனம் பரிசோதனையையும் பொய்க்க வைக்கிறது. பசியின்மை, களைப்பு, லேசான காய்ச்சல் எல்லாம் சிறுநீரகக் கணக்கில் போய்விடும். எடை குறைந்தால் தெரியாதா என்றால், அதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. டயாலிசிஸ் முடிந்து, மிகுதி நீர் வெளியேறியபின் இருக்க வேண்டிய எடையை ‘ட்ரை வெயிட்’ என்பார்கள். அது 58 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நோய் 2 கிலோ சதையைத் தின்றிருக்கும். அந்த இடத்தை 2 கிலோ நீர் நிரப்பியிருக்கும். தராசு அதே 58-ஐக் காட்டும். பிறகு மூச்சு வாங்கும், நெஞ்சில் நீர் கோக்கும். தண்ணீர் அதிகம் குடித்துவிட்டார் என்று பழி நோயாளி மேல் விழும்.

இப்போது அறிகுறி இல்லாதவர்களுக்கும் எக்ஸ்ரே, மூலக்கூறு பரிசோதனை உண்டே என்று அதிகாரிகள் சொல்லலாம். நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயில் வயிறு தெரியாது. கட்டியில் ஊசி போட்டு மாதிரி எடுத்தால்தான் மூலக்கூறு கருவி பேசும். எடுக்கச் சொல்ல ஒருவருக்குச் சந்தேகம் வர வேண்டும். எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்துவிடலாமே என்றால், 2021-ன் தேசிய வழிகாட்டுதலே டயாலிசிஸ் நோயாளிகளை அந்த மாத்திரைக்கான பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் உடலில் காசநோய் செயலில் இல்லை என்று உறுதி செய்த பிறகே அதைத் தரலாம். உறுதி செய்வதுதான் இங்கே கடினம். தவறினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். ஆகவே தேடல் முகாமில் அல்ல, வாரம் இரண்டு மூன்று முறை இவர்களைப் பார்க்கும் டயாலிசிஸ் பிரிவில் நடக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல், ஒரு பக்க நெஞ்சில் மட்டும் நீர், மாற்றி மாற்றிக் குறிக்க வேண்டிவரும் ட்ரை வெயிட் ஆகியவை மாதிரி எடுக்கப் போதுமான காரணங்கள்.

கடிதங்களில் மேலும் சில கேள்விகள். இந்தக் காசநோய் மற்றவர்களுக்குத் தொற்றுமா? நுரையீரலிலோ தொண்டையிலோ இல்லாதவரை பொதுவாகத் தொற்றாது.

மருந்தின் அளவு மாறுமா? ரிஃபாம்பிசினுக்கு மாறாது; எத்தாம்பியூட்டால், பைரசினமைடு வாரம் மூன்று முறை, டயாலிசிஸ் முடிந்த பிறகு.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு? மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ரிஃபாம்பிசின் சரித்துவிடும். அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.